ஃபிலிம் கேமராவுக்கு எதிர்காலம் உண்டா? பதில் பாட்டி வீட்டு பிஸ்கட் டின்னிலும் இருக்கிறது

உங்கள் பாட்டி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கலாம். திறந்தால் பிஸ்கட் இருக்காது. பிறப்புப் பத்திரம், கோயில் ரசீது, தாத்தாவின் பழைய அடையாள அட்டை. அவற்றுக்கு அடியில் நாலு நாலாக வெட்டிய பழுப்பு நிற பிளாஸ்டிக் கீற்றுகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் பேய் மாதிரி தெரியும். அதுதான் நெகட்டிவ்.

இன்னொரு பக்கம், உங்கள் நண்பர் ஒருவர் கழுத்தில் அந்தக் காலத்து கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறார். ஒரு சுருள் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய அறுபது, எழுபது ரிங்கிட் ஆச்சு என்று பெருமையாக வேறு சொல்கிறார். கைப்பேசியில் காசே இல்லாமல் ஆயிரம் படம் எடுக்கலாமே, இவருக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

இந்த இரண்டுமே ஒரே கேள்விக்குள் வருகின்றன: எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்ட சந்தையில் ஃபிலிமுக்கு இனி என்ன இடம்? கோலசிலாங்கூர், புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டங்களில் வேர் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

முதலில், ஃபிலிம் எப்படி வேலை செய்கிறது?

ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் ஜெலட்டின் பூச்சு. மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் அதே ஜெலட்டின்தான். அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி உப்புத் துகள்கள் சிதறிக் கிடக்கும். ஷட்டர் திறந்து ஒளி பட்டதும் துகள்களில் ஒரு சின்ன மாற்றம் நடக்கும்; அப்போது பார்த்தால் எதுவும் தெரியாது. டெவலப்பர் என்ற ரசாயனத்தில் ஊற வைத்தால் ஒளி பட்ட துகள் கறுத்த வெள்ளியாக மாறும். ஃபிக்ஸர் என்ற இன்னொரு ரசாயனம் ஒளி படாத மிச்சத்தைக் கரைத்துவிடும். கலர் ஃபிலிமில் இந்த வெள்ளிக்குப் பதிலாகச் சாயம் உருவாகி நிற்கும். வெள்ளி வெளியே போய்விடும்.

‘படம் கழுவுறது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கலர் ஃபிலிம் கழுவ சி-41 என்ற முறை. டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், நேரம் 3 நிமிடம் 15 விநாடி. கறுப்பு வெள்ளைக்கு வழக்கமாக 20 டிகிரி. நம் ஊர் குழாய்த் தண்ணீர் அதைவிட எப்போதும் சூடு. அதனால் வீட்டில் கழுவிப் பார்க்கிறவர்கள் ஐஸ் கட்டியோடுதான் தொடங்க வேண்டும்.

ஒரு சுருளில் 36 படம். எடுத்த பிறகு பின்னால் திருப்பிப் பார்க்க திரை கிடையாது. பிழை நடந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

ஃபிலிமை யார் கவிழ்த்தது?

கதை எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவைச் செய்தார். கையடக்கம் என்றால் மூன்றரைக் கிலோவுக்கு மேல்! பத்தாயிரம் பிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி. ஃபிலிம் விற்று வாழும் நிறுவனத்திற்குள்ளேயே ஃபிலிம் வேண்டாத கேமரா பிறந்தது.

ஆனாலும் ஃபிலிம் உடனே சாகவில்லை. விற்பனை உச்சத்தைத் தொட்டதே 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான். அதற்குப் பிறகு பத்தே ஆண்டில் உலகத் தேவை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 2009-இல் கோடாக்ரோம் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் மட்டும் சாமர்த்தியமாக மருத்துவம், அழகுப் பொருள் என்று பக்கவாட்டில் நகர்ந்து பிழைத்துக்கொண்டது. நிறம் மங்காமல் ஃபிலிமைக் காக்கக் கற்ற வேதியியலை முகத்துக்குப் பூசும் கிரீமில் பயன்படுத்தினார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு திருப்பம் உண்டு. ஃபிலிமைக் கவிழ்த்த டிஜிட்டல் கேமராவும் பிறகு கவிழ்ந்தது. ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர்கள் 2010-இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்களை அனுப்பினார்கள். 2023-இல் அது 80 இலட்சத்தை எட்டவில்லை. கைப்பேசி தின்றுவிட்டது. ஆக, இன்று ஃபிலிம் கேமராவும் சரி, பட்டன் வைத்த டிஜிட்டல் கேமராவும் சரி, இரண்டுமே ‘வேண்டும் என்று தேடிப் போய்’ வாங்கும் பொருள்தான்.

ஊட்டியில் ஒரு ஃபிலிம் தொழிற்சாலை

கோடாக் கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டிலும் ஃபிலிம் செய்தார்கள், தெரியுமா? 1960-இல் இந்திய அரசு இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் ஊட்டி. ஃபிலிம் பூச்சுக்குத் தூசியும் ஆகாது, சூடும் ஆகாது. நீலகிரிக் குளிர் வசதியாக இருந்தது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், படம் அச்சிடும் தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-ரே ஃபிலிம் எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் வெளியே வந்தன. ஊட்டியில் இன்றும் இந்து நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஆலை சோறு போட்டது.

அதை டிஜிட்டல்தான் கொன்றது என்று நினைத்தால் தவறு. எக்ஸ்-ரே ஃபிலிமுக்குப் புதிய ஆலை போடக் கடன் வாங்கினார்கள். கடனும் வட்டியும் ஏறியது. 1991-க்குப் பிறகு இந்தியா இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும் வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியவில்லை. 1990-களிலேயே அது நலிந்த நிறுவனம் ஆகிவிட்டது. அப்போது சந்தையில் டிஜிட்டல் கேமரா என்று சொல்லிக்கொள்ள பெரிதாக எதுவுமே இல்லை. டிஜிட்டல் வந்தது கடைசி ஆணி அடிக்க மட்டும்தான்.

இங்கிலாந்தின் இல்ஃபர்ட் நிறுவனமும் 2004-இல் விழுந்தது. ஆனால் அங்கே வேலை பார்த்த மேலாளர்களே 2005-இல் கறுப்பு வெள்ளைப் பிரிவை வாங்கி, சின்னதாக நடத்தத் தொடங்கினார்கள். இன்றைக்கும் நடக்கிறது. போலராய்டு 2008-இல் உடனடி ஃபிலிமை நிறுத்தியபோது, நெதர்லாந்தில் இருந்த கடைசி ஆலையின் இயந்திரங்களை ஒரு சிறு குழு வாங்கிக் காப்பாற்றியது. ஃபிலிம் சந்தையில் பிழைத்தவர்களைப் பார்த்தால், சிறுத்துப் போகச் சம்மதித்தவர்கள்தான் அதிகம். பெரிய ஆலையைப் பெரியதாகவே காப்பாற்ற நினைத்தவர்கள் கடனில் மூழ்கினார்கள்.

அப்போ இப்போது எப்படி மறுபடி?

பழைய பொருள் மீது ஆசை, இன்ஸ்டாகிராம், கையில் பிடிக்க ஏதாவது வேண்டும் என்ற தவிப்பு. காரணங்களை நீங்களே சொல்லிவிடுவீர்கள், நான் நீட்டவில்லை. நடந்தவற்றை மட்டும் பார்ப்போம். ஃபியூஜியின் இன்ஸ்டாக்ஸ் கேமரா 2004-இல் வெறும் ஒரு இலட்சம் அளவுக்குத்தான் விற்றது. 2018 நிதியாண்டில் ஒரு கோடி. கோடாக் நிறுத்திய எக்டாக்ரோம் 2018-இல் திரும்பி வந்தது. 2022-இல் லைக்கா தன் பழைய எம்6 கேமராவை மறுபடி செய்தது. 2024 ஜூனில் பென்டாக்ஸ் 17 வந்தது. பெரிய ஜப்பானிய நிறுவனம் ஒன்று இத்தனை ஆண்டு கழித்துப் புதிதாக வடிவமைத்த ஃபிலிம் கேமரா. ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் எடுக்கும் அரைச்சட்ட கேமரா அது. 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். ஃபிலிம் விலை ஏறிப் போனதை உணர்ந்துதான் அப்படிச் செய்தார்கள் என்பது என் எண்ணம்.

விலை ஏன் ஏறுகிறது? ஃபிலிம் பூசும் இயந்திரம் அச்சகம் மாதிரி. கும்மிருட்டில், மைல் கணக்கில் பூசினால்தான் கட்டுப்படியாகும். நூறு சுருள் மட்டும் செய்து கொடு என்று கேட்க முடியாது. கலர் ஃபிலிமைப் பெரிய அளவில் பூசக்கூடிய ஆலைகள் உலகில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் மிச்சம். கோடாக்கின் ராச்செஸ்டர் ஆலை 2024 நவம்பரில் மேம்பாட்டுப் பணிக்காகக் கொஞ்ச நாள் நின்றபோது உலகமே கவலைப்பட்டது.

அந்த ஆலை ஓடிக்கொண்டிருக்கச் சினிமாவும் ஒரு காரணம். ஹாலிவுட்டில் சில இயக்குநர்கள் இன்னும் ஃபிலிமை விடவில்லை. 2023-இல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்காக ஐமேக்ஸ் அளவில் கறுப்பு வெள்ளை ஃபிலிமை கோடாக் தனியாகச் செய்து கொடுத்தது. தமிழ் சினிமா அந்தப் பாதையில் போகவில்லை. கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ 2005-லேயே டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுக்குள் கோலிவுட்டில் ஃபிலிம் அநேகமாக மறைந்தே போனது.

மின்மினியை ஃபிலிமில் பிடிக்க முடியுமா?

புக்கிட் பெலிம்பிங் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது சிலாங்கூர் ஆற்றங்கரை மின்மினிதான். அக்கரைக்குப் போனால் கம்போங் குவாந்தான். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, ஒன்றாகச் சேர்ந்து மின்னும். ஃபிலிம் கேமராவை எடுத்துக்கொண்டு படகில் ஏறலாமா என்று கேட்டால், ஏறலாம், ஆனால் ஏமாந்து போவீர்கள்.

மின்மினி வெளிச்சம் ரொம்பக் குறைவு. பல விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். படகோ ஆடிக்கொண்டே இருக்கும். அதோடு ஃபிலிமுக்கு ஒரு குணம்: நீண்ட நேரம் திறந்து வைத்தால் அதன் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். கணக்குப்படி பத்து விநாடி போதும் என்றால், உண்மையில் இரண்டு மூன்று மடங்கு நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு இடத்தில் டிஜிட்டல்தான் ராஜா, வாதமே வேண்டாம். ஃபிளாஷ் மட்டும் எந்தக் கேமராவிலும் போடாதீர்கள். அங்கே அதற்கு அனுமதியும் இல்லை, பூச்சிகளுக்கும் ஆகாது. கறுப்பு வெள்ளைச் சுருளைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். புக்கிட் மெலாவாத்தி மலை, கலங்கரை விளக்கம், குரங்குகள் என்று விஷயம் நிறைய இருக்கிறது.

வீட்டில் படம் கழுவிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கும் இதே ஆற்றை வைத்து ஒரு விண்ணப்பம். பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. மின்மினியின் புழு ஆற்றோரச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்கிறது. உங்கள் வீட்டுக் கால்வாய்த் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று யோசித்துவிட்டு, அதை ஒரு புட்டியில் சேர்த்து வைத்து ஃபிலிம் கழுவும் கடையில் கேளுங்கள்.

புதிதாக ஒன்று வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். பழைய கேமராவில் முதலில் கெடுவது பின்கதவைச் சுற்றியுள்ள பஞ்சு. அது கரைந்து தார் மாதிரி ஒட்டும், ஒளி உள்ளே கசியும். மாற்றச் செலவு குறைவு. லென்ஸுக்குள் சிலந்தி வலை போல பூஞ்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது போகாது, பக்கத்தில் இருக்கும் லென்ஸுக்கும் பரவும். முழுக்க இயந்திரத்தால் ஓடும் பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவை பழுது பார்க்கக்கூடியவை. 1990-களின் சின்ன ஆட்டோமேட்டிக் கேமராக்கள் அழகாக இருக்கும், விலையும் ஏறியிருக்கிறது. உள்ளே மின்சுற்று போய்விட்டால் அதற்கு உதிரிப் பாகம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கோலாலம்பூரில் பூடு பிளாசா போன்ற இடங்களில் நேரில் கையில் எடுத்து, ஷட்டரை அழுத்தி, காதில் வைத்துக் கேட்டு வாங்குவது நல்லது.

விமானத்தில் போகிறீர்கள் என்றால் ஃபிலிமைப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். கைப்பையிலும் கவனம், பல விமான நிலையங்களில் வந்திருக்கும் புதிய சி.டி. ஸ்கேனர் ஃபிலிமைப் புகை மூட்டமாக்கிவிடும். கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

என் கணிப்பு என்னவென்றால், கேமராவுக்குப் பஞ்சம் வராது. பஞ்சம் வரப்போவது பழுது பார்க்கும் கைகளுக்குத்தான். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது.

இனி அந்த டின்னுக்கு வருவோம்

தோட்டத்து ஏழை மக்களுக்குப் படம் எடுத்துக்கொள்வது எளிதாக இருந்ததில்லை. பலருடைய வாழ்க்கையில் முதல் படமே அரசாங்கத்துக்காக எடுத்ததாக இருந்திருக்கும்: 1948-இல் அவசரகாலம் வந்தபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கல்யாணம், தீமிதி, பள்ளி வகுப்புப் படம். பட்டணத்து ஸ்டூடியோக்காரர் வருவார், அல்லது கிராணி வீட்டில் யாராவது கேமரா வைத்திருப்பார்கள். அதனால்தான் ஒரு தலைமுறைக்கே பத்துப் பதினைந்து படங்கள்.

அந்தப் படங்களில் பின்னணியாக நிற்கும் இடங்கள் இன்று பெரும்பாலும் இல்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917-இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது பல தோட்டங்களின் கதை. 1950-களின் கடைசியிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. அதற்கும் பிறகு வீடமைப்புத் திட்டம். பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. லயம் இடிந்தது, கோயில் நகர்ந்தது, பள்ளிக்கூடம் இடம் மாறியது.

தோட்டத்துரைமார் எடுத்த படங்கள் நூல்களிலும் காப்பகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. இதே வட்டாரத்தில் துரையாக இருந்த பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபொக்கோனியே எழுதிய மலாயா நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் விருதே கிடைத்தது. அவர்கள் பக்கம் பதிவாகிவிட்டது. பால் வெட்டியவர்கள் பக்கம் அந்த பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. அதையும் பூஞ்சை தின்றுகொண்டிருக்கிறது. உண்மையாகவே தின்கிறது: பூஞ்சைக்கு ஜெலட்டின் உணவு, காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊரில் 70, 80 சாதாரணம்.

ஆகவே டின்னைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிளாஸ்டிக்கே சிதையத் தொடங்கிவிட்டது. அந்தக் கீற்றுகளைத் தனியே பிரித்து, முதலில் அவற்றைப் பதிவு செய்யுங்கள். ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

பதிவு செய்ய ஸ்கேனர் இல்லையா? டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வையுங்கள். நெகட்டிவைத் திரை மீது நேராக வைக்காமல், இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு மேலிருந்து கைப்பேசியால் எடுங்கள். நிறத்தைத் தலைகீழாக மாற்றும் வசதி படம் திருத்தும் செயலிகள் பலவற்றில் உண்டு. மாற்றிய நொடியில் முகம் வெளியே வரும். பாட்டி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

பதிவு செய்துவிட்டோம் என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசி தொலையும், செயலி மூடப்படும். ஒழுங்காகக் கழுவி உலர்வாக வைத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ் நூறு ஆண்டு தாண்டியும் நிற்கும். கலர் அப்படி இல்லை, சாயம் மங்கும். அதனால் 70, 80-களின் கலர் கீற்றுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒட்டும் பசைத் தாள் உள்ள ஆல்பங்களில் இருக்கும் படங்களை இயன்றால் வெளியே எடுங்கள், அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். தோட்டம், கோயில், பள்ளி, தொழிற்சங்கம் தொடர்பான படங்கள் நிறைய இருந்தால் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகலாம். தனியார் சேகரிப்புகளையும் அது ஏற்றுக்கொள்கிறது.

கடைசியாக ஒரு வேலை, அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். அச்சிட்ட படங்களை வைத்துக்கொண்டு பாட்டியிடம் ஒவ்வொருவராகக் கேளுங்கள்: இவர் யார், எந்த டிவிஷன், எந்த வருஷத் திருவிழா. பதிலைப் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.